கம்போடு கம்பு கட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கம்பு கட்டச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆணி கிடையாது, கம்பி கிடையாது. கம்பு, கயிறு, ஓர் அரிவாள், இரண்டு கை. அவ்வளவுதான் சாமான். மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெரியவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒருவருக்கு அவரைப் பந்தல் சாய்ந்துவிட்டது, இன்னொருவருக்கு வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், மற்றொருவருக்குத் துணி காயப்போட ஒரு சட்டம் வேண்டும். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆணி அடித்தால் முடிகிற வேலைக்குக் கயிறு எதற்கு?

மூங்கிலில் ஆணி அடித்துப் பாருங்கள். உள்ளே வெறும் கூடு. ஆணி இறங்கிய இடத்திலிருந்து கணு வரைக்கும் நீளமாகப் பிளந்துகொண்டு போய்விடும். பச்சைச் சவுக்கில் அடித்தால் அன்றைக்குப் பிடித்திருக்கும். கம்பு காய்ந்ததும் ஆணி ஆட ஆரம்பிக்கும். கயிற்றுக் கட்டோ கம்பைத் துளைப்பதில்லை, வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கிறது. காற்று தள்ளும்போது கொஞ்சம் இசைந்து கொடுத்துவிட்டுத் திரும்பவும் நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, என்றால் முதலில் பந்தல்கால் ஊன்றும் கால்நாட்டு, அப்புறம் பந்தல். கொடை முடிந்ததும் பந்தலைப் பிரிக்கிறார்கள்; அதே கம்புகள் அடுத்த ஊர்க் கொடைக்கு வண்டி ஏறுகின்றன. ஒவ்வோர் ஊரிலும் நான்கு ஆணி அடித்திருந்தால் அந்தக் கம்பு எத்தனை கொடையைப் பார்த்திருக்கும்?

எந்தக் கம்பு நல்லது?

பந்தலுக்கும் சட்டத்துக்கும் மூங்கில், சவுக்கு. கையடக்கமான வேலைக்குப் பூவரசு, வேம்பு, பருத்திமார் (காய்ந்த பருத்திச் செடியின் தண்டு). உடைமரத்துக் கம்பு உறுதியானது, ஆனால் நேராகக் கிடைப்பது அரிது. முள்ளைச் சீவாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. முருங்கைக் கம்பு வேண்டாம். பார்க்கப் பருமனாக இருக்கும், பாரம் ஏறினால் பொட்டென்று முறியும்.

கம்பை எடுத்ததும் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் கையால் அழுத்திப் பாருங்கள். வளைந்து திரும்ப வேண்டும். சடசடவென்று சத்தம் வந்தால் உள்ளே உளுத்திருக்கிறது. மூங்கிலில் பொட்டுப் பொட்டாகத் துளையும், அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு விழுந்துவிட்டது என்று பொருள். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காகத்தான் வண்டு வருகிறது. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போட்டு, பின்னர் நிழலில் காய வைக்கும் வழக்கம் அதனால்தான்: தண்ணீர் அந்தச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

பூவரசு பற்றி ஒரு சேதி. பச்சைப் பூவரசுக் கம்பைப் பந்தல்காலாக ஊன்றினால் அது துளிர்த்துவிடும். கிளுவையும் அப்படியே. நிலையான பந்தல் வேண்டுமென்றால் இது வரம். காலே மரமாகிவிட்டால் கரையானுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கயிற்றுக் கட்டை வருடம் ஒருமுறை தளர்த்திக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பருக்கும் தண்டைக் கயிறு அறுத்துவிடும்.

பாபநாசம் மலைப்பக்கம் போய் மூங்கில் வெட்டிக்கொள்ளலாமா?

கூடாது. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே ஒரு விளாறு ஒடிப்பதும் குற்றம். கம்புக் கடையில் வாங்குங்கள், அல்லது சொந்தத் தோட்டத்தில் கவாத்துச் செய்த கிளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் வேலைக்குத் தோட்டத்துக் கழிவே போதும்.

எந்தக் கயிறு வாங்குவது?

இதைக் கேட்காமல் கம்பு மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். கட்டு நிற்பதும் அவிழ்வதும் பாதி கயிற்றில் இருக்கிறது.

நான் முதலில் எடுப்பது தென்னைநார்க் கயிறு. சொரசொரப்பானது, கம்பைக் கவ்விப் பிடிக்கும். தண்ணீரில் கிடந்தாலும் சட்டென்று மக்காது. தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த நாரல்லவா! குறை ஒன்று உண்டு, கொஞ்சம் நீளும். கட்டுவதற்கு முன் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, முழுப் பலத்துடன் இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டால் நீள வேண்டியதில் பெரும்பகுதி அப்போதே நீண்டுவிடும்.

அடுத்தது பனைநார். திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் என்று தேரி எனப்படும் செம்மணல் உள்ள பக்கமெல்லாம் பனைதான் வாழ்வு. மட்டையில் உரித்த நாரால் கட்டில் பின்னினார்கள், பெட்டி முடைந்தார்கள், கூரைக் கழிகளைக் கட்டினார்கள். பனையேறிகள் காலில் மாட்டிக்கொள்ளும் தளைநாரும், சாய்த்து வைத்து ஏறும் முருக்குத்தடியும் என் சிறுவயதுக் கண்ணில் அப்படியே நிற்கின்றன. ஒரு மனிதரின் முழு எடையும் அந்த நார் வளையத்தை நம்பித்தான் மரத்தில் ஏறியது. பனைநாரை ஒரு மணி நேரமாவது ஊறவைத்துக் கட்டுங்கள். ஈரத்தில் துணிபோல வளையும். காய்ந்ததும் சுருங்கி, கட்டிய வடிவத்திலேயே விறைத்து நின்றுவிடும்.

வாழைநார் பூக்கட்டவும், சின்னக் கைவேலைக்கும் மட்டும். நனைத்துக் கட்டினால் அழகாக இருக்கும்; நன்றாகக் காய்ந்தபின் மடக்கினால் ஒடிந்துவிடும். சணல் கைக்கு மெத்தென்று இருக்கும், பிள்ளைகளுக்கு ஏற்றது. மழையில் விட்டால் ஒரே பருவத்தில் இற்றுப்போகும்.

நைலான் கயிறு உறுதியானது, மறுக்கவில்லை. ஆனால் மூங்கிலின் மேல்தோல் வழவழப்பு, நைலானும் வழவழப்பு. இரண்டும் சேர்ந்தால் கட்டு நழுவுகிறது. வேறு வழியில்லை என்றால் கட்டும் இடத்தில் கம்பைச் சுற்றிப் பழைய சாக்குத் துண்டைச் சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள். கடையில் நீலம், பச்சை நிறத்தில் விற்கும் மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடிந்துவிடும். சித்திரை வெயிலைத் தாண்டிய கயிற்றைக் கையால் தேய்த்துப் பாருங்கள், தூளாக உதிரும்.

ஈரக் கயிற்றில் கட்டலாமா, காய்ந்த கயிற்றிலா?

நாரென்றால் ஈரம், முறுக்கிய கயிறென்றால் காய்ந்தது. முறுக்கிய கயிறு நனையும்போது இழைகள் ஊதிப் பருக்கின்றன. பருமன் கூடுவதால் நீளம் குறைகிறது. அதனால்தான் துணி காயும் கொடிக்கயிறு மழையில் விண்ணென்று இழுத்துக்கொண்டு நிற்கிறது. அந்த நிலையில் கட்டினீர்கள் என்றால் வெயில் வந்ததும் தளர்ந்துவிடும். உரித்த நார் இதற்கு நேர்மாறு, காயும்போதுதான் இறுகும். இதை மாற்றிச் செய்துவிட்டு, “நன்றாகத்தான் கட்டினேன், எப்படி அவிழ்ந்தது?” என்று கேட்பவர்கள் பலர்.

ஒரு கட்டுக்கு எவ்வளவு கயிறு வேண்டும்?

இரண்டு கம்புகளின் விட்டத்தையும் கூட்டுங்கள். 3 செ.மீ.க்கு 1 மீட்டர் என்ற கணக்கு போதும். தலா 4 செ.மீ. விட்டமுள்ள இரண்டு கம்பு என்றால் கூட்டு 8 செ.மீ.; 2.7 மீட்டர், அதாவது ஆறு முழம். மிச்சமானால் வெட்டிக்கொள்ளலாம். குறைந்தால் நடுவில் முடிச்சுப் போட்டு நீட்டாதீர்கள், அந்த முடிச்சு கட்டை இறுக விடாது.

குறுக்காக வைத்த இரண்டு கம்பை எப்படிக் கட்டுவது?

இந்த ஒரு கட்டு கைவந்தால் பாதி உலகத்தைக் கட்டிவிடலாம். மெதுவாகச் சொல்கிறேன்.

நிமிர்ந்து நிற்பதை நெடுங்கம்பு என்போம், அதன் முன்பக்கம் படுக்கையாக வைப்பதைக் குறுக்குக்கம்பு என்போம். முதல் முடிச்சை நெடுங்கம்பில், குறுக்குக்கம்புக்குச் சற்றுக் கீழே போட வேண்டும். கயிற்றை ஒருமுறை கம்பைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். தன் மேலேயே சாய்வாக ஏறவிட்டு இரண்டாம் முறை சுற்றுங்கள். அந்தச் சாய்வுக்கு அடியில் முனையை நுழைத்து இழுங்கள். இரண்டு சுற்றும் அடுத்தடுத்து, அவற்றின்மேல் ஒரு சாய்கோடும் தெரிந்தால் முடிச்சு சரி. ஆட்டை முளையில் கட்டும்போது பலர் தெரியாமலே போடுகிற முடிச்சு இது.

இனிச் சுற்று. கயிறு குறுக்குக்கம்பின் முன்னால் இடப்பக்கமாக மேலேறட்டும். நெடுங்கம்பின் பின்னால் போகட்டும். வலப்பக்கம் குறுக்குக்கம்பின் முன்னால் கீழே இறங்கட்டும். மறுபடி நெடுங்கம்பின் பின்னால் வந்து தொடங்கிய இடத்தைச் சேரட்டும். இது ஒரு சுற்று. இப்படி மூன்று அல்லது நான்கு. கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. பாய் பின்னியதுபோல் பக்கம் பக்கமாகப் படிய வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். கயிற்றை இரண்டு கம்புகளுக்கும் நடுவில் நுழைத்து, இதுவரை சுற்றிய சுற்றுகளையே வளைத்து நெரிக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று முறை. இதை நான் இறுக்குச் சுற்று என்று சொல்லிக்கொடுக்கிறேன். முன்னால் போட்ட சுற்றுகள் கம்புகளைச் சேர்த்து வைத்தன. இறுக்குச் சுற்றுதான் அந்தக் கயிற்றில் மிச்சமிருக்கும் தளர்ச்சியை எல்லாம் உறிஞ்சி எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் முழுப் பலத்தோடு இழுங்கள். உள்ளங்கை எரிந்தால், ஒரு சாண் குச்சியில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, குச்சியைப் பிடித்து இழுங்கள்.

கடைசி முடிச்சு குறுக்குக்கம்பில், முதலில் போட்ட அதே வகை. மிஞ்சிய முனையைச் சுற்றுகளுக்குள் செருகிவிடலாம்.

கட்டு சரியா என்று எப்படித் தெரியும்? விரலால் கயிற்றைத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். மேலே இன்னும் நாலு சுற்றுச் சுற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

கட்டெல்லாம் இறுக்கமாக இருக்கிறது. ஆனாலும் சட்டம் ஆடுகிறதே?

நான்கு தென்னை ஈர்க்குத் துண்டுகளைச் சதுரமாக நூலால் கட்டி, ஒரு மூலையை விரலால் தள்ளுங்கள். சதுரம் சரிந்து படுத்துவிடும். மூன்று துண்டை முக்கோணமாகக் கட்டித் தள்ளுங்கள், அசையாது. பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் செய்து காட்டிவிடுகிறேன். நான்கு மூலைச் சட்டத்தில் எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து ஒரு கம்பைச் சாய்வாகக் கட்டினால் அது இரண்டு முக்கோணம் ஆகிவிடுகிறது.

இதைப் புத்தியால் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுத் தோட்டத்தில் அவரைப் பந்தல் போட்டேன். ஆறு கால், மேலே குறுக்குக்கம்புகள், நைலான் கயிறு. கொடி ஏறி, இலை அடர்ந்து, பூ எடுத்த வாரத்தில் ஆடிக் காற்று வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பந்தல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கொடியோடு தரையில் கிடந்தது. ஒரு கம்புகூட முறியவில்லை. கட்டுகள் நழுவியிருந்தன, சாய்வுக் கம்பு ஒன்றுகூட நான் வைக்கவில்லை. பந்தல் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, இலை மூடிய பந்தல் பாய் விரித்த தோணி மாதிரி. காற்றுக்கு வழி விடவில்லை என்றால் அது நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும்” என்றார். அவர் அன்றைக்குச் சொன்னவற்றைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்: கால் ஒவ்வொன்றும் ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும், மூலைக்கால் நான்கிலும் சாய்வுக் கம்பு வேண்டும், காற்று வரும் பக்கத்தில் முளை அடித்து இழுகயிறு கட்ட வேண்டும். மழைக்காலத்தில் இழுகயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், நனைந்தால் அதுவே முளையைப் பிடுங்கிவிடும்.

செங்கோட்டைக் கணவாய்க்கு நேரே இருக்கும் தென்காசிப் பக்கத்தவர்களும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நேரே இருக்கும் பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்தவர்களும் இதைக் கூடுதலாக மனத்தில் வையுங்கள். காற்றாலைகளை அந்தக் காற்றை நம்பித்தான் நட்டிருக்கிறார்கள்.

சாய்வுக் கம்பையும் அதே மாதிரிதான் கட்ட வேண்டுமா?

ஏறக்குறைய. சாய்வாகக் குறுக்கிடும் கம்புகள் ஒன்றையொன்று விட்டு விலகப் பார்க்கும். முதலில் இரண்டையும் சேர்த்து ஒரு சுருக்குப் போட்டு நெருக்குங்கள். பிறகு ஒரு பக்கச் சாய்வில் மூன்று சுற்று, மறுபக்கச் சாய்வில் மூன்று சுற்று, பெருக்கல் குறிபோல. முடிவில் வழக்கம்போல் இறுக்குச் சுற்று.

வாழைக்கு முட்டுக் கொடுக்க எப்படிக் கட்டுவது?

களக்காட்டுப் பக்கத்து ஏத்தன் வாழை போட்டவர்கள் கேட்கும் கேள்வி. தார் முற்ற முற்ற மரம் தார்ப்பக்கம் சாயும். ஒற்றைக் கம்பு ஊன்றினால் காற்றில் விலகிவிடும். இரண்டு கம்பைக் கத்தரிக்கோல் மாதிரி கட்டிக்கொடுப்பது நிலையானது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். மேல்முனையிலிருந்து ஒரு முழம் விட்டு, ஒரு கம்பில் முதல் முடிச்சைப் போட்டு, இரண்டையும் சேர்த்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். இங்கே மட்டும் அதிகம் இறுக்க வேண்டாம். கம்புகளுக்கு நடுவில் இரண்டு இறுக்குச் சுற்று, அப்புறம் முடிச்சு. இப்போது கீழ்க்கால்களை விரித்தால் கட்டு தானாகவே முறுக்கி இறுகிவிடும். மேலே கவைபோல் விரிந்து நிற்கும் இடத்தில் தாரின் கழுத்துக்குக் கீழே மரத்தைத் தாங்கக் கொடுங்கள். கவையில் வாழைச்சருகை மடித்து வையுங்கள்; வெறும் கம்பு உராய்ந்தால் தண்டு வெட்டுப்படும்.

முக்காலி?

எனக்கு மிகவும் பிடித்த வேலை. மேடு பள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று கம்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கயிற்றை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக, பின்னல் போடுவதுபோல் ஐந்தாறு முறை கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். இரண்டு இடைவெளியிலும் இரண்டிரண்டு இறுக்குச் சுற்று. நடுக்கம்பை எதிர்ப்பக்கம் இழுத்துக் கால்களை விரியுங்கள். விரியவே மறுத்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். தொளதொளவென்று இருந்தால் குறைவு. இரண்டாம் முறையில் கை பழகிவிடும். கால்கள் தரையில் சறுக்காமல் இருக்க, கீழே மூன்றையும் சுற்றி ஒரு கயிறு கட்டுங்கள். மேலே உறி தொங்கவிட்டு மண்பானை வைத்தால் கோடை முழுவதும் குளிர்ந்த தண்ணீர்.

கம்பு நீளம் போதவில்லை என்றால்?

இரண்டையும் இரண்டு மூன்று அடி ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, அந்தப் படிவின் இரு முனைகளிலும் தனித்தனியாகக் கட்டுங்கள். நடுவில் ஒரே கட்டாகப் போட்டால் கம்பு கீல்போல் மடங்கும். கட்டிய பிறகு கயிற்றுக்கும் கம்புக்கும் இடையில் சின்ன ஆப்பு அடித்தால் இன்னும் இறுகும். இந்த இணைப்பு ஒரு காலின் மேல் வருமாறு அமையுங்கள். இரண்டு காலுக்கு நடுவில் அந்தரத்தில் விடாதீர்கள்.

எத்தனை வயதில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்? என்ன செய்யலாம்?

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஈர்க்கும் நூலும் போதும். ஏழெட்டு வயதில் விரல் பருமனுள்ள குச்சியும் சணலும். அரிவாளைப் பத்து வயதுக்குமேல், பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

முதல் வேலையாக நான்கு குச்சியில் சட்டம் கட்டச் சொல்வேன். அதற்குள் பத்தமடைக் கோரைப்பாயின் கிழிந்த துண்டு ஒன்றை இழுத்துக் கட்டினால் சுவரில் மாட்டும் படமாகிவிடும். அடுத்தது செடி ஏணி: இரண்டு நெடுங்குச்சி, ஐந்து படி, பத்துக் கட்டு. பாகற்கொடி ஏற அது போதும். பத்தாவது கட்டுக்கு வரும்போது பிள்ளையின் கை தானாகவே இறுக்குச் சுற்றைத் தேடுகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் சொல்லி முடியாது.

தை மாதம் சிறுவீட்டுப் பொங்கலுக்கு முற்றத்தில் மண்ணால் சிறுவீடு கட்டுவது நம் பக்கத்து வழக்கம். சென்ற முறை எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் அதற்குப் பருத்திமாரால் கூரைச் சட்டம் கட்டி, மேலே பனையோலை வேய்ந்தார்கள். ஒரு முழ உயரம்தான். ஆனால் விட்டம், கைமரம், வரிச்சு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆச்சி ஒருவர் வெகுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்; அவர் வாழ்ந்த ஓலை வீடும் அப்படித்தான் இருந்ததாம்.

பரண் கட்டி அதில் ஆள் ஏறலாமா? ஊஞ்சல்?

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மட்டும் செய்யாதீர்கள். காவல் பரணும் கட்டடச் சாரமும் பல ஆண்டு கைப்பழக்கம் உள்ளவர்கள் கட்டுகிறார்கள். உங்கள் கட்டின்மேல் பொருளை வையுங்கள், கொடியை ஏற்றுங்கள், துணியைக் காயப்போடுங்கள். மனிதரின் எடையை, அதிலும் பிள்ளையின் எடையை, அதை நம்பி உயரத்தில் விட வேண்டாம்.

எத்தனை நாள் தாங்கும்?

பச்சைக் கம்பில் கட்டியது இரண்டு மூன்று வாரத்தில் தளரும், கம்பு காய்ந்து ஒடுங்குவதால். அப்போது ஒருமுறை இறுக்குச் சுற்றை மட்டும் அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னும், ஆனி முடிவில் காற்றுக்கு முன்னும் எல்லாக் கட்டையும் தொட்டுப் பார்ப்பது நல்லது. மண்ணில் ஊன்றாமல் நிற்கும் சட்டமானால் காலுக்கு அடியில் தட்டைக்கல் வையுங்கள். கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம்.

வேலை முடிந்ததும் கயிற்றை அறுத்துவிடலாமா?

அறுக்காதீர்கள். கடைசி முடிச்சைத் தளர்த்தி, கட்டிய வரிசைக்குப் பின்வரிசையாக அவிழ்த்தால் ஆறு முழக் கயிறும் முழுசாகக் கைக்கு வரும். முடிச்சு இளகவில்லை என்றால் மரத்துண்டால் நான்கு பக்கமும் மெல்லத் தட்டுங்கள், அல்லது தடித்த குச்சியின் கூர்முனையை உள்ளே விட்டு நெம்புங்கள். அவிழ்த்த கயிற்றை வெயிலில் ஒரு நாள் காயப்போட்டு, முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் சுற்றி, பரணில் தொங்கவிடுங்கள். கம்புகளைத் தரையில் குவிக்காமல் சுவரோரம் நிறுத்தி வையுங்கள். குவியலுக்குள் கட்டுவிரியன் வந்து படுக்கும். அடுத்த முறை எடுக்கும்போது முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டுக் கையை வையுங்கள்.